கத்திரி அண்ணாச்சியின் மூன்று சாண்

பம்பாயில் நீளமாக இருந்த எதுவும் கத்திரி அண்ணாச்சியின் கையில் சிக்கிவிட்டு அதே நீளத்தோடு வீடு திரும்பியதில்லை. கடலும் ரயிலும் மட்டும் தப்பித்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டறையில் போட ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. அறுபதுகளில் ஆறு வருஷம் பழகியிருக்கிறேன். என் கணக்குப்படி எண்பத்திரண்டு முறை அவர் பட்டறைக்குப் போயிருக்கிறேன். பெயரைக் கேட்க ஒருமுறையும் தோன்றவில்லை. தாராவியில் திருநெல்வேலிக்காரர்களின் பட்டறைகள் வரிசையாக இருந்த ஒரு சந்தில் பதினோராவது அவருடையது. வாசலில் போர்டு கிடையாது. தகரம் வெட்டும் பெரிய கத்திரி ஒன்று தொங்கும். அதனால் கத்திரி. ஊர் வழக்கப்படி அண்ணாச்சி.

மோட்டார் வண்டிகளுக்குத் தகரவேலை செய்வதுதான் தொழில். ஆனால் புகழ் முழுவதும் குட்டையாக்குவதில். மாதுங்காவில் ஓர் அறையும் சமையலறையுமாகக் குடித்தனம் நடத்திய எங்களவர்களுக்கு ஊரிலிருந்து சீராக வரும் கட்டிலும் பீரோவும் வாசற்படி தாண்டாது. எல்லாம் அண்ணாச்சியிடம் போகும். எங்கள் கட்டிடத்து இரண்டாம் மாடி மாமி ஓர் இரும்புக் கட்டிலை அரையடி குறைக்கச் சொல்லி அனுப்பினாள். ஒன்றேகால் அடி குறைந்து வந்தது. மாமா ஆறடி உயரம். அன்று முதல் காலையில் கதவைத் திறந்தால் பால்காரனை வரவேற்பது மாமாவின் இரண்டு பாதங்கள்தான். மாமி நேரே தாராவிக்குச் சண்டைக்குப் போனாள். நான் துணைக்குப் போனேன்.

"கட்டிலு ரூமுக்குள்ள நிக்குதா இல்லியா, மாமி?"

"கட்டில் நிக்கறது. எங்காத்துக்காரர் அதுல கொள்ளலையே!"

"அவுகளையும் கூட்டியாந்திருந்தா அன்னைக்கே ஒரு அளவு பாத்திருப்பனே!"

மாமி அதற்கப்புறம் பேசவில்லை. திரும்பும் வழியெல்லாம் பேசினாள்.

தன் பொருளுக்கும் அவர் தயவு காட்டியதில்லை. பட்டறை ஏணி சந்தின் குறுக்கே போன கம்பியில் இடிக்கிறது என்று அதை இரண்டு படி வெட்டினார். இப்போது ஏணி கூரைக்கு எட்டவில்லை. ஒரு தார் டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் ஏணியை வைத்தார். மறுபடியும் கம்பி இடித்தது. டிரம்மை வெட்டினார். நான் கண்ணால் பார்த்தது இது.

அவருடைய தொழிலில் ஒரு சட்டம் உண்டு. வெட்டி எடுத்த துண்டு வெட்டினவனுக்கு. கட்டில் கால், பீரோவின் அடித்தட்டு எல்லாம் அவருக்குத்தான். யாராவது கேட்டால், "தலைமுடி வெட்டிக்கிட்டு வாரீயளே, முடியப் பொட்டலங் கட்டித் தாங்கன்னு கேப்பீயளா?" என்பார். இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

அப்போது மாதுங்கா மெஸ்ஸில் நாங்கள் மூன்று பிரம்மச்சாரிகள் ஒரே அறையில் இருந்தோம். பாங்கில் வேலை பார்த்த மணி, ரயில்வே ஆபீஸில் இருந்த கிட்டா, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பக்கம் பக்கமாகக் கூட்டல் போட்டுக்கொண்டிருந்த நான். ராணுவத்தில் கழித்துக்கட்டிய பழைய பச்சை ஸ்டேஷன் வேகன் ஒன்றை மூவரும் சேர்ந்து ஏலத்தில் எடுத்தோம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண் தாண்டிப் போய், ரோடு முடிகிற இடத்தில் ஆரம்பிக்கும் மலைப்பாதையில் ஏறுவோம். மணி ஓட்டுவான். கிட்டா பின்னால் கனமாக உட்கார்ந்திருப்பான். நான் முன்னால் உட்கார்ந்து கவலைப்படுவேன். மூன்றும் அவசியமான வேலைகள்.

மலையுச்சியில் ஒரு குளம் இருப்பதாகச் சொல்வார்கள். நாங்கள் பார்த்ததில்லை. பாதி வழியில் ஓர் ஓடை. அதில் இறங்கி எதிர்க்கரை ஏறும்போது வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கும். பின் சக்கரத்துக்கு அப்பால் நீண்டு கிடக்கும் வால் ஒரு பாறைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். பின் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் சுற்றும். நாங்கள் இறங்கித் தள்ளி, பின்னுக்கு எடுத்து, திரும்பி வருவோம். பத்தொன்பது ஞாயிறு போனோம். பத்தொன்பது முறையும் அதே பாறை.

இருபதாவது தடவைக்கு முன் மணி தீர்மானமாகச் சொல்லிவிட்டான். "இன்னும் ஒரே ஒரு ஞாயிறுடா. ஏறலைன்னா திங்கக்கிழமை குர்லா பங்கார்வாலா லாரியோட வரான். நான் வாக்குக் குடுத்தாச்சு."

பங்கார்வாலா வந்தால் வண்டி பழைய இரும்பாக எடைக்குப் போய்விடும். கிட்டா தலையாட்டிவிட்டான். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. படிக்கட்டு, டிராம் கம்பம், இட்லி எல்லாவற்றையும் எண்ணுகிற நான், அந்த வண்டி மலை ஏறுகிற நேரத்தில் மட்டும் எதையும் எண்ணுவதில்லை. இதை இருவரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. எனவே, "வாலை வெட்டிவிடலாம்" என்று சொன்னேன்.

பின் சக்கரத்துக்கு அப்பால் எவ்வளவு வெட்டவேண்டும் என்று வரைபடத் தாளில் ஒன்பது பக்கம் கணக்குப் போட்டேன். விடை இருபத்திரண்டரை அங்குலம். வெள்ளிக்கிழமை காலை வண்டியைத் தாராவியில் விட்டோம். நான் பையிலிருந்து டேப்பை எடுத்தேன்.

அண்ணாச்சி அதை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "டேப்பு மழையில நனைஞ்சா சுருங்கும். கை சுருங்குமா சார்? சாண்ல சொல்லுங்க."

வண்டியின் வாலில் என் கையை விரித்து வைத்து அளந்தேன். என் சாண் ஏழரை அங்குலம். "மூன்று சாண்" என்றேன்.

"மூணு சாண். பராபர்." எது சரியாக இருந்தாலும் அவர் பம்பாய் பாஷையில் பராபர் என்றுதான் சொல்வார். உடனே வண்டிக்கு அடியில் நுழைந்துகொண்டார். அரை மணி நேரம் கழித்து முகமெல்லாம் துருவோடு வெளியே வந்து, அந்தப் பாறை எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று கேட்டார். சொன்னேன். அப்போது அவர் மனைவி டீ கொண்டுவந்தார். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது. இந்த மனிதரோடு வாழ்கிற பெண் அழாமல் என்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள். ஒன்று ஐம்பதுக்குப் பட்டறையில் நின்றேன். வால் தனியாகத் தரையில் கிடந்தது. பின்கதவு, கண்ணாடி ஜன்னல்கள், நம்பர் பிளேட் எல்லாம் அதில்தான். வண்டியின் முதுகில் புதுத் தகரம் அடைத்து வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. தரையில் கிடந்த வாலை நான் அளந்தேன். முப்பது அங்குலம்.

"அண்ணாச்சி! ஏழரை அங்குலம் அதிகமா வெட்டிட்டேள்!"

"மூணு சாண்தான சொன்னீய?"

"மூணு சாண்னா இருபத்திரண்டரை!"

அவர் வெல்டிங்கை நிறுத்தினார். தன் வலது கையைத் தகரத்தின்மேல் விரித்தார். கையா அது, அரை முறம். பத்து அங்குலம்.

"யாரு கைன்னு சொன்னீயளா?"

நான் என் கணக்குத் தாளை எடுத்துப் புரட்டினேன். ஒன்பது பக்கக் கணக்கில் அந்த ஒரு விஷயத்தை எழுத விட்டுப்போயிருந்தது. ஆனால் வெட்டினது வெட்டினவனுக்கு என்ற சட்டம் மட்டும் மண்டைக்குள் மணியடித்தது. மனிதர் துண்டுக்கு ஆசைப்பட்டு ஒரு சாண் கூடவே வெட்டிவிட்டார் என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் வண்டியைப் பார்க்க மற்ற இருவரும் வந்தார்கள்.

"என்னடா இது, வண்டியா பெருங்காய டப்பாவா?" என்றான் மணி.

"நான் எங்கடா ஒக்காருவேன்?" என்றான் கிட்டா. பின் சீட்டுக்கும் பின் தகரத்துக்கும் நடுவில் அவன் தொடை நுழையவில்லை.

"குறுக்கால ஒக்காருங்க சார். நான் எதிர்த்தாப்புல ஒக்காந்துக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி.

"நீங்க எதுக்கு?"

"அந்தப் பாறை மூஞ்சிய நான் பாக்காண்டாமா?"

மறுநாள் நால்வராகப் போனோம். அண்ணாச்சி நூற்றுக்கணக்கான வண்டிகளைப் பிரித்தவர். எதிலும் ஏறிப் போனவர் இல்லை என்பது வழியில் தாணா ஊரில்தான் தெரிந்தது. தாணாவில் ஒருமுறை, கல்யாணில் இருமுறை வாந்தி எடுத்தார். ஒவ்வொரு தடவையும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "வண்டி மேல குத்தமில்ல, ரோடுதான் நீளம்" என்றார். விட்டிருந்தால் அதையும் வெட்டியிருப்பார்.

ஓடை வந்தது. நாங்கள் மூவரும் இறங்கினோம். மணி வண்டியை இறக்கி எதிர்க்கரையில் ஏற்றினான். மூக்கு வானத்தைப் பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த 'டங்' சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"ரோக்கோ! ரோக்கோ!" என்று அண்ணாச்சி கத்தினார். மணி பயந்துபோய்ப் பிரேக்கை மிதித்தான். அண்ணாச்சி இரண்டு பின் சக்கரங்களுக்கும் பின்னால் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, ஓடைத் தண்ணீரில் குப்புறப் படுத்து வாலுக்கும் பாறைக்கும் நடுவே கையை விட்டார்.

"அண்ணாச்சி, எழுந்திருங்கோ! வண்டி உருண்டா நீங்க சட்னி!"

"நாலு விரக்கடை சார்! நாலு விரல் தாராளமாப் போவுது. இங்க வாங்க. உங்க சாணக் கொண்டாங்க."

வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் என் கையைப் பிடித்து, கட்டைவிரலை வண்டியின் பின் ஓரத்தில் வைத்து, மற்ற விரல்களைப் பின்பக்கமாக விரித்தார். நான் குறைக்கவேண்டாம் என்று விட்டிருந்த அந்த ஒரு சாண். என் சுண்டுவிரல் நேராகப் பாறையில் போய் இடித்தது.

"உங்க அளவுல வெட்டிருந்தா இந்த வெரலு இடிக்கிற எடத்துல வண்டி இடிச்சிருக்கும். அடியில பத்தொம்பது கீறல் கெடந்துச்சு. கடைசிக் கீறலு எங்க நின்னுச்சோ அங்கன வெட்டினேன்."

"அதை நேற்றே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க யாரு கைன்னுதான சண்ட போட்டீய? பாறையப் பத்திக் கேக்கலியே."

மேலே, "ஓய், அங்கே என்ன அரட்டை? என் கால் மரத்துப் போச்சு!" என்று மணி அலறினான். கல்லை எடுத்தோம். வண்டி ஒரு கனைப்புக் கனைத்துக் கரை ஏறியது. உச்சியில் நிஜமாகவே குளம் இருந்தது. கிட்டா சட்டையோடு குதித்தான். திங்கட்கிழமை பங்கார்வாலா வெறும் லாரியோடு திரும்பிப் போனான். மணிக்கு ஹிந்தியில் கிடைத்த வசவுகளை நான் எண்ணவில்லை.

அதன்பின் நான்கு வருஷம், நூற்றுப் பதினேழு ஞாயிறு அந்த வண்டி மலை ஏறியது. பிறகு மணிக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. கிட்டா கல்யாணம் செய்துகொண்டான். வண்டியைத் தனியாக வைத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை, ஓட்டவும் தெரியாது. கடைசியில் குர்லாவுக்கே போயிற்று. போனதை நான் பார்க்கவில்லை. ஆபீஸில் ஒரே பக்கத்தை ஆறு தடவை கூட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷமே எனக்கும் கல்யாணம். மாமனார் அனுப்பிய பீரோ அறைக்குள் நுழையவில்லை. தாராவிக்குப் போனேன். பட்டறையில் அண்ணாச்சி இல்லை. பின்பக்கம் வீடு, அங்கே போங்கள் என்றார்கள். அத்தனை முறை போயும் வீட்டுப் பக்கம் நான் போனதே இல்லை.

சாக்கடை தாண்டியதும் நின்றுவிட்டேன். வீட்டுச் சுவரிலிருந்து எங்கள் வண்டியின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. அதே பச்சை, அதே ஜன்னல்கள், அதே நம்பர் பிளேட். அடுக்களைச் சுவரை இடித்து அதில் செருகியிருந்தார். உள்ளே வாலுக்குள் அடுப்பு எரிந்தது. புகை முழுவதும் ஜன்னல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. பின்கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு அண்ணாச்சியின் மனைவி எட்டிப் பார்த்தார். கண் இரண்டும் பளிச்சென்று இருந்தன.

"வாங்க, டீ சாப்பிடுதீயளா?" என்று அங்கிருந்தபடியே டம்ளரை நீட்டினார்.

அண்ணாச்சி துண்டை உதறிக்கொண்டு வந்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். வாலுக்குள் முன்பின் ஒரு விரல் இடமில்லாமல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. என் அளவில் வெட்டியிருந்தால் அடுப்பு ஒரு சாண் வெளியே நின்றிருக்கும்.

"அண்ணாச்சி, உண்மையைச் சொல்லுங்கோ. பாறைக்கு அளந்து வெட்டினேளா, அடுப்புக்கு அளந்து வெட்டினேளா?"

அவர் மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் பராபர் வந்துச்சா இல்லியா?"

ஒரு வழக்குக்குப் போதுமான சந்தேகம் என்னிடம் இருந்தது. டீயைக் குடித்தேன். பீரோவை ஆறு அங்குலம் குறைக்கச் சொன்னேன். முக்கால் அடி குறைந்து வந்தது.

இப்போது அந்தச் சந்து இல்லை, அண்ணாச்சியும் இல்லை. என் பழைய நோட்டில் ஒரு வரி இருக்கிறது. அன்று டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது அந்த வாலின்மேல் கையை விரித்து அளந்தேன். என் கைக்கு நான்கு சாண் வந்தது. நோட்டில் மூன்று என்றுதான் எழுதியிருக்கிறேன். யார் கை என்று எழுதவில்லை.