உருக்கம் அண்ணாச்சியின் கடிதங்கள்

உருக்கம் அண்ணாச்சியின் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண் கலங்காதவர் சங்கரன்கோவிலில் ஒரே ஒருத்திதான். அவள் பெயர் பிரேமா.

நடக்க முடியாத பிள்ளைகளுக்கான சிறிய பயிற்சி மையம் எங்களுடையது. நான் குமாஸ்தா. நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதுவது அண்ணாச்சி வேலை. சேர்ந்த புதிதில் நானும் ஒன்று எழுதிக் காட்டினேன். எத்தனை பிள்ளைகள், எத்தனை கருவிகள் என்று ஒரே பட்டியல்.

"ஏலே, இது கரண்டு பில்லுல்லா! பில்லப் பாத்து எவம்லே அழுவான்? ஒரு பிள்ளையச் சொல்லு. அது பேரச் சொல்லு."

எழுதியதைப் பக்கத்து விசைத்தறிக் கூடத்துக்குக் கொண்டுபோய், அந்த இரைச்சலில் கத்தி வாசிப்பார். யாராவது தறியை நிறுத்திவிட்டு, "பிறவு என்னாச்சு அந்தப் பிள்ளைக்கு?" என்று கேட்டால்தான் கடிதம் தபாலுக்குப் போகும். அந்த நாட்களில் துணி குறைவதாக முதலாளி புலம்புவார்.

ஒரு வருடம் பிள்ளைகளை ஏற்றி வரும் வேன் படுத்துவிட்டது. 'வராத வேனுக்காக ஜன்னலோரம் கண்ணீர் வடிக்கிறாள் பன்னிரண்டு வயது பிரேமா' என்று எழுதினார் அண்ணாச்சி. மதுரையிலிருந்து ஒரு தம்பதி அழுதுகொண்டே வந்து இறங்கினார்கள். அவளைப் பார்க்க வீட்டுக்கே கூட்டிப்போனோம். பிரேமா சக்கர நாற்காலியில் இருந்தபடி, கம்பால் கொய்யாக்காய் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அழாதம்மா" என்று கட்டிக்கொண்டார் அந்த அம்மாள்.

"நான் எங்க அழுதேன்?"

அந்த அம்மாளின் கையிலிருந்த கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள் பிரேமா.

"அண்ணாச்சி, நான் அழுதத நீங்க பாத்தீகளா?"

"இல்ல மக்கா... படிக்கவுக மனசு இளகணும்லா..."

"இளகட்டும். அதுக்கு என்ன ஏன் அழுமூஞ்சி ஆக்குனீக? கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பம்லா."

ஊரை அழவைத்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "சொல்லுத்தா. நீ சொல்லுதத அப்படியே எழுதுதேன்."

'நான் அழவில்லை. கோபமாக இருக்கிறேன். நான் மையத்துக்கு வராததால் கேரம் போட்டியில் தானே ஜெயித்ததாக, அதன் பக்கத்திலேயே குடியிருக்கும் மேரி சொல்லித் திரிகிறாள். வேனைச் சீக்கிரம் சரிசெய்து கொடுங்கள்.'

அண்ணாச்சி அதை வாசித்தபோது தறிக்கூடமே நின்று சிரித்தது. கூட வந்திருந்த மதுரைக்காரரும் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்ஜின் செலவைத் தான் ஏற்பதாகச் சொன்னார். அந்த மாதமே வேன் ஓடியது. கேரமில் மறுபடியும் மேரிதான் ஜெயித்தாள். அது வேறு விஷயம். அதற்குப் பிறகு, சம்பந்தப்பட்ட பிள்ளை வாசித்துத் தலையாட்டாமல் அண்ணாச்சி ஒரு வரிகூட அனுப்பியதில்லை.

இன்று அவர் வேலையில் பிரேமா இருக்கிறாள். வேண்டுகோள்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் பறக்கின்றன. ஓய்வுபெற்ற அண்ணாச்சி செவ்வாய்தோறும் வந்து, "ஸ்டாம்பு ஒட்ட ஏதும் இருக்கா மக்கா?" என்பார். அதற்காகவே நன்றிக் கடிதங்களை மட்டும் அவள் இன்னும் தபாலில் அனுப்புகிறாள்.