அம்மா கையில் ஒட்டிய ஓடை மீன்

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரியம்மாவுக்கு,

வணக்கம். நீங்களும் பெரியப்பாவும் நலமா? இங்கு நானும் அம்மாவும் நலம். பசையின் உயிர்தான் ஊசலாடுகிறது. பசை என் மீன். போனை அம்மா பிடுங்கி பீரோவுல பூட்டிட்டாங்க, அதான் கையால எழுதுறேன். எமோஜி இல்லாம அழுறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா?

பசை நம்ம மலை ஓடை மீன், மீன் வளர்க்கிறவங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு அண்ணா வளர்த்துக் கொடுத்தது, விரல் நீளம்தான், ஆனா வெள்ளமே அடிச்சாலும் வயித்தால கல்லைப் பிடிச்சுக்கிட்டு அசையாது, செம மாஸ் பெரியம்மா! தண்ணி மட்டும் சில்லுன்னு ஓடணும், சூடானா மூச்சு முட்டிடும். தொட்டிக்கு ஃபேன் வச்சா குளிரும்னு வீடியோவுல பார்த்தேன், அம்மா தையல் மெஷின் பக்கத்துல இருந்த டேபிள் ஃபேனைத் திருப்பினேன், அவ்ளோதான், வெட்டி வச்ச சட்டைத் துணியெல்லாம் பறந்துச்சு, அதுல ஒரு சட்டைக்கை மட்டும் பாதி தொட்டிக்குள்ள, பாதி அயர்ன் பண்ணத் தண்ணி வச்ச கிண்ணத்துக்குள்ள தொங்குச்சு, பசை அந்த ஈரத்துணி மேல பல்லி மாதிரி ஏறி கிண்ணத்துல இறங்கிடுச்சு, அது தெரியாம அம்மா தண்ணி தெளிக்கக் கைய விட்டாங்க.

"அய்யோ, என்னமோ ஒட்டிக்கிச்சுடி! உதற உதற விடல!"

"உதறாதீங்கம்மா! வெள்ளம்னு நினைச்சு இன்னும் இறுக்கிப் பிடிக்கும்!"

அளவு கொடுக்க வந்த டீச்சர் கழுத்துல இருந்த டேப்போட தெருவுக்கே ஓடிட்டாங்க.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அது தெருமுனைக் குளத்துக்குப் போகணும். இல்லன்னா நான் போறேன்!"ன்னாங்க அம்மா.

"குளத்துல நீங்க நல்லா இருப்பீங்கம்மா, அதுதான் செத்துடும்"னேன். அப்பதான் போன் போச்சு.

அம்மா உங்க ஒருத்தர் பேச்சுக்குத்தான் அடங்குவாங்க. உடனே போன் பண்ணி அதட்டுங்க, ப்ளீஸ்!

பெரியப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் ஆசி எனக்கு இல்லாவிட்டாலும் பசைக்கு வேண்டும்.

இப்படிக்கு,
பாசமுள்ள தங்கச்சி மகள்

பி.கு.: அம்மாவை அதட்டிடாதீங்க பெரியம்மா! கவர் எடுக்க உள்ள போனா, அம்மா தொட்டிக்குள்ள கைய விட்டுக்கிட்டு, "வாடி செல்லம், உன்னைப் போய் யாராவது குளத்துல விடுவாங்களா?"ன்னு கொஞ்சுறாங்க. பசை உள்ளங்கையில ஜம்முனு ஒட்டியிருக்கு. எனக்கு வேர்த்து ஊத்துதேன்னு தொட்டிப் பக்கம் ஓடிக்கிட்டிருந்த ஃபேனை லேசா என் பக்கம் திருப்பினேன். "கைய எடுடி! அதுக்கு மூச்சு முட்டும்!"னு ஒரே கத்து.

போன் பண்ணுங்க. ஆனா எனக்காகப் பேசுங்க.