முதலில் அத்தாவின் பல்

ஆட்டுத்தலையை ஒரே வெட்டில் இரண்டாகப் பிளக்கிறவன் தைரியசாலி என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக்கடை வைத்து, 'தவுக்கே', அதாவது முதலாளி, என்று பேர் வாங்கியிருந்த காலமெல்லாம் நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தேன். (வெட்டுப்படுவது ஆட்டின் தலையாக இருக்கிறவரை நான் மகா தைரியசாலிதான்.) என் கடைவாய்ப் பல் வலித்தால் மட்டும், யாருக்கும் தெரியாமல் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டிவந்தேன்.

என் மூத்த மகன் காதருக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். என்னைவிட ஒரு சாண் உயரம். அரிசி மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்கிவிடுவான். பிறந்ததிலிருந்தே அவனுக்குப் புத்தி வளர்ச்சி மெதுவு, பேச்சும் கொஞ்சம்தான். சொன்னால் நம்பமாட்டான், காட்டினால் நம்புவான். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. அவனுக்குப் புதிதாக எது நடக்க வேண்டுமானாலும் முதலில் எனக்கு நடக்க வேண்டும். முடிவெட்டா, முதலில் என் தலை. கசாயமா, முதலில் என் தொண்டை. (விளக்கெண்ணெய் கொடுக்கிற நாளில் நான் கடைக்குப் போவதில்லை. காரணம் கேட்காதீர்கள்.) மருந்தை அவன் வாயில் ஒதுக்கிவைத்துத் துப்பிவிடுவானோ என்று, விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். பதிலுக்கு அவன் என் வாயையும் திறந்து பார்ப்பான். நியாயம் இருபக்கமும் ஒன்றுதானே.

சிங்கப்பூருக்குக் கடல்மேல் பாலம் போட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். ஒரு நாள் காதரின் கன்னம் கொழுக்கட்டையாக வீங்கிவிட்டது. சாப்பாட்டைத் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வாயைத் திறக்கவே மறுத்துவிட்டான். வெள்ளைக்கார டாக்டர் கன்னத்தை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, பல்லை உடனே எடுக்காவிட்டால் சீழ் கழுத்துக்கு இறங்கிவிடும், நாலு பேர் பிடித்துக் கட்டித்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னதாக அங்கே மருந்துக்கட்டுப் போடுகிற தமிழ் டிரெஸர் எங்களுக்குச் சொன்னார்.

என் மனைவி செய்யதம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. காதர் சிறுவனாக இருந்தபோது அம்மை ஊசிக்காக ஆட்கள் அவனை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில், யார் கதவைத் தட்டினாலும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான்.

"இன்னொரு தடவ கட்டிப் போட்டா அவன் நம்மளயும் நம்ப மாட்டான்," என்றாள். "வழக்கப்படி நீங்களே முதல்ல உக்காருங்க."

உட்காருவதில் எனக்கு என்ன கஷ்டம்? டிரெஸரைத் தனியாக அழைத்து ஏற்பாடு செய்தேன். நான் வாயைத் திறப்பேன், டாக்டர் பல் பிடுங்குகிற குறடை உள்ளே விட்டுச் சும்மா வெளியே எடுப்பார், நான் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பேன். டாக்டரும் சம்மதித்தார்.

நாடகம் பிரமாதமாக நடந்தது. குறடு வந்தது, போனது. பெஞ்சில் காத்திருந்த நோயாளிகள் அத்தனை பேரும் பார்க்க, "பாத்தியா காதர், ஒண்ணுமே இல்ல. எறும்புக் கடிதான்," என்றேன்.

காதர் வந்து என் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தான். நிதானமாகப் பார்த்தான். எல்லாப் பல்லும் அதனதன் இடத்தில் இருந்தன. டாக்டரின் தட்டைப் பார்த்தான். அது காலியாக இருந்தது.

"பொய்," என்றான். கதவை நோக்கி நடக்க ஆரம்பித்தான்.

அந்தச் சொல்லை அவன் அதற்கு முன்னால் என்னிடம் சொன்னதில்லை. சொல்ல நான் இடம் வைத்ததில்லை. "சரி, எதையாவது நிஜமாவே பிடுங்கச் சொல்லுங்க," என்றேன் டிரெஸரிடம்.

அவர் சிரித்தார். "எதையாவது இல்ல தவுக்கே. உங்க கடவாப்பல்லு அழுகிக் கெடக்கு. டாக்டரு முதல்லயே பாத்துட்டாரு. கிராம்போட சேத்து எடுத்துடலாம்னு சொல்றாரு."

மரத்துப்போக ஊசி போட்டார்கள் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. இறந்துபோன என் தாயாரைக் கூப்பிட்டேன். தமிழில் "போதும்" என்றேன், அது பலிக்காமல் அதையே மலாயில் "சூடா, சூடா" என்று கெஞ்சினேன். தொப்பி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் பறந்தது. கூட்டுகிற ஆள் விளக்குமாற்றோடு வந்து வேடிக்கை பார்த்தான். கதவுவரை போன காதர் திரும்பி வந்து, ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் தலையைத் தடவினான்.

"எறும்பு," என்றான். "அத்தா, எறும்பு."

பெஞ்சு முழுவதும் குலுங்கியது. தமிழ் தெரியாத டாக்டரும் சிரித்தார்.

பல் தட்டில் விழுந்தது. காதர் அதை எடுத்துப் பார்த்தான், என் வாயில் இருந்த ஓட்டையைப் பார்த்தான், திருப்தியாகத் தலையாட்டினான். என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு அவன் உட்கார்ந்தான். வாயைத் தானே திறந்தான். கண்ணிலிருந்து நீர் வழிந்ததே தவிர ஒரு சத்தம் இல்லை. யாரும் அவனைப் பிடிக்கவில்லை. அவன்தான் என் கையைப் பிடித்திருந்தான். செய்யதம்மா அழுதாள். நானும் அழுதேன். வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் வெளியே கேட்கவில்லை.

நாங்கள் கடைக்குத் திரும்புவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. "தவுக்கே, இன்னிக்கு ஆட்டுத்தலையா, எறும்பா?" என்று கேட்காத வாடிக்கைக்காரர் இல்லை. இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்காவது ஊசி என்றால், பேரப்பிள்ளைகள் அதை எறும்பு என்றுதான் சொல்கிறார்கள்.

போன வருஷம் எனக்குக் கண்ணில் புரை எடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெயரைக் கூப்பிட்டதும் என் கால் நகர மறுத்துவிட்டது. அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று செய்யதம்மாவிடம் மெல்ல ஆரம்பித்தேன். இப்போது தலை நரைத்துவிட்ட காதர், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எனக்காகப் போட்டிருந்த கட்டிலில் ஏறி நேராகப் படுத்துக்கொண்டான்.

நோயாளி யார் என்று நர்ஸ் கேட்டாள்.

"காதர் முதல்ல," என்றான் அவன். "அத்தா பொறவு."

நர்ஸ் நல்லவள். அவன் கண்ணுக்கு ஒரு துளி மருந்து விட்டுக் கட்டும் போட்டாள். அவன் எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு மறு கண்ணால் பார்க்கிறவனிடம் எப்படிப் பொய் சொல்வது? ஏறிப் படுத்தேன். வீடு திரும்பும்போது எங்கள் இருவருக்கும் ஒற்றைக் கண்ணில் கட்டு. ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கூட்டிவந்த செய்யதம்மா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.