ஸ்மார்ட் போர்டுக்கு நான் போட்ட மாலை

எல்லாவற்றையும் குறைவறத் தயார் செய்துவிட்டோம் என்று ஓர் ஆசிரியர் நிம்மதியாக மூச்சுவிடும் வேளையில்தான் வகுப்பறைகளில் விபரீதங்கள் தொடங்குகின்றன. இதை நான் எந்தக் கல்வியியல் நூலிலும் படித்ததில்லை. படித்திருந்தாலும், அன்றைய என் மிதப்பில், நம்பியிருக்க மாட்டேன்.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றிருந்தேன். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். திண்டுக்கல்லில் உள்ள தனியார் பள்ளி ஒன்று, போதிய பிள்ளைகள் சேர்ந்தால் ஊருக்குள்ளேயே வேன் அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. அந்தக் கணக்குக்கு இன்னும் ஒரே ஒரு பிள்ளைதான் குறைவு. அது ஆறாம் வகுப்பு தாரணியாக இருக்கும் என்று ஊரே பேசிக்கொண்டது. அவளுடைய அம்மா பாண்டியம்மாள், மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர், என் அறைக்கே வந்துவிட்டார்.

“கோவிச்சுக்கிடாதீக டீச்சர். அங்க கம்ப்யூட்டரு, சுவரு அகலத்துக்கு டிவி எல்லாம் இருக்காம். திங்கக்கெழம வந்து டீசி வாங்கிக்கிறேன்.”

“திங்கக்கிழமையே வாங்கம்மா. நம்ம ஸ்கூலுக்கும் ஸ்மார்ட் போர்டு வந்திருச்சு. அன்னைக்குத்தான் தொறக்கிறோம். பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.”

தாரணி போனால் வேன் வரும். வேன் வந்தால் வகுப்பில் பாதி அதில் ஏறிவிடும். ஆகவே அந்தப் பலகையை நான் கோயில் கருவறையைப் போலக் காத்தேன். பயிற்சிக் கையேட்டை வரி விடாமல் படித்தேன். பிள்ளைகள் நெருங்காதிருக்கத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அதற்காக வேண்டிக்கொள்ளவும் செய்தேன். (என் கணவர் நலத்துக்குக்கூட அவ்வளவு உருகியதில்லை என்பது அவருடைய மனத்தாங்கல்.) எல்லாவற்றுக்கும் மேலாக, திறப்பு விழாவுக்கான மாலையைப் பாண்டியம்மாளிடமே கட்டித் தரச் சொன்னேன். தன் பூ அலங்கரிக்கும் பள்ளியை விட்டுப் போக யாருக்கு மனம் வரும்? (ராஜதந்திரமாம்!)

திங்கட்கிழமை பெற்றோர் கூடினர். பாண்டியம்மாளின் கொழுத்த மல்லிகை மாலையைப் பலகையின் சட்டத்தில் மாட்டினேன். அதன் குஞ்சம் திரையின் மேல் அழகாகத் தொங்கியது. ஸ்டெல்லா டீச்சர் குத்துவிளக்கை ஏற்றினார். மின்விசிறி சுழன்றது. நான் கம்பீரமாகச் சூரியக் குடும்பத்தைத் திறந்தேன்.

சூரியனின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. நான் போடவில்லை. அதை அழிப்பதற்குள் இன்னும் சில கோடுகள். பிறகு செவ்வாய் காணாமல் போனது. சனிக் கிரகம் மட்டும் உப்பத் தொடங்கி, திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, சுருங்கி, மறுபடியும் உப்பியது.

“என்னத்தா இது, நல்ல நாளும் அதுவுமா சனியனக் காட்டுறாக?” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“காட்டுனாக் கூடப் பரவால்ல. பெருசால்ல ஆகுது!”

“பயப்படாதீங்க, இது ஒரு புது வசதி. தானாவே ஓடும்” என்று மனசாட்சியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னேன். அதற்குள் ஒரு விசைப்பலகை தானே திறந்து ‘ஙஙஙஙங’ என்று எழுதியது. முந்தானையால் திரையைத் துடைத்தேன். அணைத்து மறுபடி போட்டேன். கையேட்டின் எல்லாப் பக்கங்களும் மனத்தில் ஓடின. எதிலும் ‘ங’ இல்லை. பாண்டியம்மாள் கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வது தெரிந்தது.

அப்போது காற்றில் விளக்கு அணைந்தது. அதை மறுபடி ஏற்றுவதற்காக ஸ்டெல்லா டீச்சர் மின்விசிறியை நிறுத்தினார். சனி அப்படியே நின்றது. விளக்கு எரிந்ததும் விசிறியைப் போட்டார். சனி ஆடியது.

அந்தப் பலகை தொடுகையை உணர்வதில்லை. சட்டத்தின் ஓரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறது. அதை எது மறித்தாலும் விரல் என்று எடுத்துக்கொள்கிறது. என் ராஜதந்திரத்தின் குஞ்சம் காற்றில் ஆடி ஆடிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. கழற்றினால் அவருடைய பூவை அவமதித்ததாகும். கழற்றாவிட்டால் பள்ளி போய்விடும். கையை உயர்த்துவதும் தாழ்த்துவதுமாக நின்றேன். அதையும் விரல் என்று எடுத்துக்கொண்டு பலகை வியாழனைத் திறந்தது.

“பூவுதான் டீச்சர் இழுக்குது!” என்று கத்திக்கொண்டு தாரணி கோட்டைத் தாண்டி ஓடிவந்தாள். தடுக்க நினைத்தேன், முடியவில்லை. குஞ்சத்தைப் பிடித்து நகர்த்தினாள். சனி அவள் பின்னாலேயே போனது.

பிறகு பாண்டியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“ஏ ஆத்தி! எம் பூவா இம்புட்டுச் சேட்டை பண்ணுது?” அவரே எழுந்து வந்து மாலையைக் கழற்றினார். கழற்றியவர் சும்மா இருக்கவில்லை. ஒரு மொட்டைக் கிள்ளித் திரையில் வைத்து இழுத்தார். கோடு விழுந்தது. “அடியே, இங்க பாரு!”

அதன்பின் வகுப்பு என் கையில் இல்லை. பென்சில் எழுதுமா, முழங்கை எழுதுமா, நூல் எழுதுமா என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். நூலுக்கு மட்டும் பலகை அசையவில்லை. “ஏன்?” என்றேன். “ஒல்லியா இருக்கு, வெளிச்சத்த மறிக்கல” என்றாள் தாரணி. நான் தயாரித்து வந்திருந்த சூரியக் குடும்பத்தை யாரும் கேட்கவில்லை, எனக்கும் நினைவில்லை.

கூட்டம் கலைந்தபோது பாண்டியம்மாளிடம் நானே கேட்டேன், “டீசி எழுதட்டுமாம்மா?”

“இருக்கட்டும் டீச்சர். போன வாரம் அந்த டவுன் ஸ்கூலுக்குப் போயிப் பாத்தேன். டிவியத் துணி போட்டு மூடி, பக்கத்துல ஒரு ஆளையும் நிறுத்தி வச்சிருக்காக. இவளத் தொட விடுவாகளா? இங்க நானே தொட்டுட்டேன்ல!”

வேன் ஊருக்குள் வரவில்லை. அன்று சாயங்காலமே சாக்பீஸ் கோட்டை ஈரத்துணியால் நானே துடைத்தேன்.

ஆனால் மாலை என்னை விடவில்லை. கல்யாண மண்டபத்திலோ கூட்டத்திலோ மாலை போட்டுக்கொண்ட பெரியவர் யாரேனும் தடம் மாறிப் பேசினால், என் கணவர் காதோரம் குனிவார்: “மாலையக் கழட்டச் சொல்லு, உள்ள வெளிச்சம் மறைக்குது.” அது வீட்டில் தொடங்கி ஊருக்கும் பரவிவிட்டது. சென்ற ஆண்டுவிழாவில் எனக்கு மாலை போட்டார்கள். நான் பேச எழுந்ததும், எட்டாம் வகுப்புத் தாரணி மேடையேறி, மிகுந்த மரியாதையோடு அதைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஊரே கைதட்டியது.

கழற்றிய பிறகும் நான் நெடுநேரம் பேசினேன். கோளாறு பூவில் இல்லை போலும்.