ஆறில் நின்ற முள்

எனக்கும் முதுகெலும்பு உண்டு என்று என் மனைவி மதனவதிக்குக் காட்டிவிடுவதென்று 1973 ஜூன் மாதம் தீர்மானித்தேன். அதற்காக, அந்த முதுகெலும்பு தேய்ந்துவிட்டது என்று ஒரு சர்டிபிகேட் வாங்குவதாகத் திட்டம்.

என் பெயர் பார்சுவநாதன். காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அங்கே நான் தூக்குகிற அதிகபட்ச கனம் ஒரு சாக்பீஸ். வீட்டிலோ, தெருக்கோடிக் கிணற்றிலிருந்து தினம் பத்துக் குடம் தண்ணீர். பதினாறு வருஷமாக!

"இனிமே ஒரு குடம்கூடத் தூக்கமாட்டேன்!" என்றேன்.

"ஏங்க?"

"எலும்பு தேய்ஞ்சிக்கினு இருக்குது."

"யார் சொன்னாங்க?"

"நாளைக்குச் சொல்லுவாங்க."

மறுநாள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மதராஸிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. எலும்பு டாக்டர் ஒருவர், தசை டாக்டர் ஒருவர், சாப்பாட்டைப் பற்றிப் படித்த ஓர் அம்மாள். தறியில் உட்காருகிறவர்கள், உட்காராதவர்கள், நாற்பது தாண்டிய எல்லாருடைய எலும்பையும் தசையையும் சேர்த்து ஆராயப் போகிறார்களாம். மூவரும் சேர்ந்து வந்தார்களே தவிர, ஒருவர் சொல்வதை மற்றவர் ஒப்புக்கொள்வதில்லை.

மதனவதியும் கூடவே வந்துவிட்டாள்.

கைப்பலத்தை முள் நகர்ந்து கிலோவில் காட்டுகிற ஓர் இரும்புப் பிடியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். மல்லிகைப் பூவைப் பிடிப்பதுபோல் பிடித்தேன். முள் ஆறில் நின்றது. "அம்மா!" என்று முனகி வைத்தேன். அடுத்து மதனவதி அழுத்தினாள். முப்பது! முறுக்குப் பிழிகிற கை.

"இவருக்குத் தசை போயிடுச்சு," என்றார் தசை டாக்டர்.

"எலும்புதான் மூலம்," என்றார் எலும்பு டாக்டர்.

"ரெண்டும் இல்லே, சாப்பாடு," என்றார் அம்மாள்.

எனக்குக் கொண்டாட்டம். "எதுவானா என்ன? கனம் தூக்கக்கூடாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க."

மதனவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆறுதானா? பாவம் சார் இவரு. சும்மா உக்காந்துக்கினு இருந்தா எலும்புக்கு நல்லதா, கனம் தூக்கினா நல்லதா?"

அன்றைக்கு முதல்முறையாக மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "தூக்கினாதான் நல்லது!"

"ஆகாயத்துல எடையில்லாம மிதந்துட்டு வந்தவங்களுக்கே எலும்பு கரையுது. இவர் தினம் கனம் தூக்கணும். கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போகணும்," என்றார் எலும்பு டாக்டர்.

பிடியைப் பிடுங்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். நாற்பது! "பாருங்க டாக்டர்! பாருங்க!"

"முதல்ல எழுதினது எழுதினதுதான். ஆராய்ச்சியிலே அடிச்சு எழுதக்கூடாது."

"மாட்டேன்! தூக்கவே மாட்டேன்! இது ஜனநாயக நாடு!"

"எலும்பு பலவீனமானா கோபம் வருமா டாக்டர்?" என்று கவலையோடு கேட்டாள் மதனவதி. அதையும் எழுதிக்கொண்டார்கள்.

தினமும் எத்தனை குடம் என்று வீட்டில் ஒருவர் நோட்டில் குறித்துவைக்க வேண்டுமாம். "நான் எழுதறேன்," என்றாள்.

நான் மறுத்துப் பார்த்தேன். கத்திப் பார்த்தேன். ஒருநாள் குடத்தின்மேலேயே உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்தேன். 'இன்று நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று நோட்டில் ஏறியது. எலும்பு டாக்டரே பஸ் பிடித்து வந்து புத்தி சொல்லிவிட்டுப் போனார். பத்துக் குடம் பதினாறு ஆயிற்று. கனம் போதவில்லை என்று அடுத்த வீட்டுக் குணமாலாவின் குடங்களும் சேர்ந்துகொண்டன.

ஆறு மாதம் கழித்துக் குழு வீட்டுக்கே வந்தது. அழுத்தினேன். நாற்பத்தாறு! எலும்பு டாக்டர் என் தோளைத் தட்டினார்.

"அப்ப ஆராய்ச்சி முடிஞ்சுதா டாக்டர்?"

"முடிச்சிருப்போம் சார். எலும்பு விஷயத்துல அஞ்சு வருஷமாவது பாக்கணும்னு உங்க சம்சாரம்தான் லெட்டர் போட்டாங்க."