தெர்மாமீட்டர் அக்காவும் ஆடிட் ஆப்பிளும்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும், நர்ஸ் ஆக முடியாமல் போன பெண்களில் பாதிப் பேரின் வாயில் அந்த ஒரே தெர்மாமீட்டர் போய் வந்திருக்கிறது. மீதிப் பேர் எங்கள் ஹாஸ்டலில் தங்காதவர்கள்.

வல்லம் வடகாலில் மூன்று மாடிக் கட்டிடம். செல்போன் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர் நடத்திய லேடீஸ் ஹாஸ்டல். தெற்கேயிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு பஸ் ஏறி வந்த எங்களை அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். ஒருத்தி ஷிப்டுக்குப் போனால் இன்னொருத்தி வந்து படுப்பாள். படுக்கைச் சூடு ஆறுவதே இல்லை. இதற்கு வார்டன்தான் தெர்மாமீட்டர் அக்கா. உள்ளூர்க்காரி. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை.

லீவு வேண்டுமென்றால் அவளிடம் வாயைத் திறக்க வேண்டும். டெட்டால் தண்ணீரில் முக்கி எடுத்து நாக்குக்கு அடியில் செருகுவாள். தொண்ணூற்றொன்பது என்றால், "நடிக்காத, கெளம்பு, பஸ்ஸு வந்துடும்." நூறைத் தாண்டினால் சூப்பர்வைசருக்குப் போன் பறக்கும்.

"சார், பொண்ணுக்கு நூத்தியொண்ணு கீது. இன்னாது, லைன் நின்னுடுமா? நிக்கட்டும். நீ வந்து ஒக்காரு." அந்தப் பக்கம் அவர் கத்துவது எங்களுக்கே கேட்கும். "கத்தாத சார். உனுக்கும் ஜொரம் மாதிரி கீது. வா, வெச்சிப் பாக்குறேன்."

புதிதாக யார் வந்தாலும் பெயரைக் கேட்க மாட்டாள். "பிளஸ் டூவுல இன்னா குரூப்பு?" என்பாள். காமர்ஸ் என்றால் சாவியைக் கொடுத்து மேலே அனுப்பிவிடுவாள். பயாலஜி என்று சொன்னவள் தொலைந்தாள். "பயாலஜி படிச்சிட்டு செல்போனுக்கு ஸ்குரூ போட்டுகினு கீறியா? வெக்கமா இல்ல?" வாராவாரம் பழைய துப்பட்டாவைக் கிழித்து அவர்களுக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுப்பாள். நான் காமர்ஸ் என்பதால் நோயாளி. ஒருமுறை என் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டு, அவிழ்க்க வராமல் கத்திரிக்கோல் தேடிப் போய்விட்டாள். நான் குதித்துக் குதித்துப் படியிறங்குவதற்குள் ஷிப்ட் பஸ் போய்விட்டது. ஒரு நாள் சம்பளமும் போனது.

வல்லக்கோட்டை முருகனையும் அவள் விடவில்லை. கிருத்திகை தவறாமல் போய் நின்று, "முருகா, எனுக்கு வேற ஒண்ணும் வாணாம். ஒரு பி.எஸ்சி. நர்சிங் குடு" என்று சத்தமாகக் கேட்பாள். இந்த வயதில் இந்த அம்மாவுக்கு எதற்கு நர்சிங் என்று வரிசையே திரும்பிப் பார்க்கும்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று நானே கேட்டிருக்கிறேன். "என் வூட்டுக்காரு ஆஸ்பத்திரில கெடந்தாரு. டாக்டரு எட்டிப் பாத்துட்டுப் பூட்டாரு. கடைசியா வாயில தண்ணி வுட்டது ஒரு நர்ஸ் பொண்ணு. உங்க ஊர்ப் பேச்சுதான் பேசிச்சு. போ, போய்த் துணி காயப்போடு."

அவளிடம் வசமாகச் சிக்கியவள் இசக்கி. சங்கரன்கோவில் பக்கம். பயாலஜி, நல்ல மார்க். அப்பா கட்டிட வேலையில் சாரம் சரிந்து விழுந்து படுத்த படுக்கை. அதனால்தான் கம்பெனி லைனில் வேலைக்கு வந்தாள். பிளஸ் டூ முடித்த பெண்கள் நர்சிங் படிக்க முழுச் செலவும் கொடுக்கும் ஒரு டிரஸ்ட் சென்னையில் இருப்பதை அக்கா எங்கிருந்தோ மோப்பம் பிடித்தாள். இசக்கி பரீட்சை எழுதினாள், பாஸ். நேர்காணல், அதுவும் பாஸ். காலேஜில் சீட்டும் தயார். டிரஸ்டிலிருந்து இரண்டு பேர் வந்து பெண்ணின் நிலைமையை நேரில் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. சங்கரன்கோவில் தூரம் என்பதால் ஹாஸ்டலுக்கே வருவதாகச் சொன்னார்கள்.

இங்கே ஆடிட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்பெனியிடம் போன் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அவ்வப்போது எங்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வருவார்கள். அன்றைக்கு மட்டும் பூட்டிய பீரோவிலிருந்து பூப்போட்ட பெட்ஷீட் வெளியே வரும். கூடையில் ஆப்பிள் வரும். அதைத் தொட்டால் கை இருக்காது. நெரிசல் தெரியாமலிருக்கப் பாதிப் பேர் வேறு கட்டிடத்துக்குப் போய்விடுவோம். அதற்கு முன்னால் அக்கா எங்களை வரிசையில் நிறுத்திப் பயிற்சி கொடுப்பாள்.

"கேட்டா இன்னா சொல்லணும்?"

"எல்லாம் நல்லா இருக்கு சார்!"

"சிரிச்சிகினு சொல்லு. பல்லு தெரியணும், பசி தெரியக் கூடாது."

அவள் கையில் ஒரு ஆடிட்கூட பெயில் ஆனதில்லை.

டிரஸ்ட்காரர்கள் வருகிற அன்று, "நம்ம இசக்கிய பாக்க வர்றாங்க, மானம் போவாம நல்லபடியா பேசுங்கடி" என்றாள். பெட்ஷீட்டை எடுத்து விரித்தாள். கான்ட்ராக்டரிடம் கெஞ்சி ஆப்பிளும் வரவழைத்தாள். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு சாரும் ஒரு மேடமும் ஷூவைக் கழற்றாமல் உள்ளே வந்தார்கள்.

"சாப்பாடு எப்படிம்மா?"

"நல்லா இருக்கு சார்!"

"சம்பளம் போதுமா?"

"போதும் சார்!"

நானும்தான் சொன்னேன். நல்லபடியாகப் பேசுவது என்றால் எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

சார் இசக்கி பக்கம் திரும்பினார். "அப்பா எப்படி இருக்காரும்மா?"

இசக்கி எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள். "நல்லா இருக்காங்க சார்."

"உனக்கு ஏதாவது கஷ்டம்?"

"ஒண்ணும் இல்ல சார். எல்லாம் நல்லா இருக்கு."

"எங்க பொண்ணோட ஹாஸ்டல்கூட இவ்வளவு நீட்டா இல்ல" என்று மேடம் ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்தார். பின்னால் நின்ற அக்காவுக்கு முகம் கொள்ளாத பெருமை. கார் கிளம்பியதும் எங்களுக்கு வடை வாங்கிக் கொடுத்தாள்.

வடையைக் கையில் வைத்துக்கொண்டு இசக்கி கேட்டாள். "எக்கா, கஷ்டம் இருக்குன்னு சொல்லிருக்கணுமோ?"

அக்காவின் வாய் பாதி மெல்லலில் நின்றுவிட்டது. அடுத்த நிமிடம் நைட்டிமேல் துண்டோடு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் இசக்கி, அவளுக்குப் பின்னால் நான். ஷேர் ஆட்டோ ஒன்றை மறித்து ஏறினோம். "அந்த வெள்ளக் காரைப் புடிப்பா!" "எந்த வெள்ளக் காரும்மா? எல்லாமே வெள்ளதான்." ஒரகடம் சந்திப்பில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்தக் கார் மாட்டி நின்றது முருகன் புண்ணியம் என்றுதான் நினைத்தோம்.

கண்ணாடியைத் தட்டினாள். "சார், அல்லாம் பொய்யி சார்! சோறு வேகாது சார்! ரூமுக்குப் பன்னெண்டு பேரு சார்! அவுங்க அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழ அசைவே இல்ல சார்! ஆப்பிள்கூட எங்களுது இல்ல சார்!"

சார் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினார். "எதும்மா பொய்? அப்ப சொன்னதா, இப்ப சொல்றதா?"

அக்கா இசக்கியை இழுத்துக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினாள். லாரி நகர்ந்தது. கார் போய்விட்டது.

இசக்கியைவிடத் தேவையுள்ள பெண்ணுக்கு உதவித்தொகையை ஒதுக்கிவிட்டதாக டிரஸ்டிலிருந்து மரியாதையாகச் சொன்னார்கள். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. கம்பெனிக்காரனுக்கு எங்களிடம் கஷ்டம் தெரியவே கூடாது. கொடுக்கிறவர்களுக்குக் கஷ்டம் வழிந்து தெரிய வேண்டும். பரீட்சையில் பாஸான பெண்ணுக்குப் பணம் கொடுக்க, அவள் அழுது காட்டுவதை எதற்கய்யா பார்க்க வேண்டும்?

நடுரோட்டில் சோறு வேகாது என்று கத்தியது கான்ட்ராக்டர் காதுக்கு எட்டியது. அக்காவுக்கு வேலை போனது. புதிதாக வந்த வார்டன் யாரையும் என்ன குரூப் என்று கேட்பதில்லை. இசக்கி இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவுக்கு ஜுரம் என்று கேள்விப்பட்டு நானும் இசக்கியும் அவள் வீட்டுக்குப் போனோம். பாயில் சுருண்டு கிடந்தாள். இசக்கி ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தாள். ஸ்பூனில் தண்ணீர் விட்டாள். அலமாரியில் இருந்த தெர்மாமீட்டரைக் கழுவி அவள் வாயில் வைத்து, எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். நூற்றுமூன்றைத் தாண்டியிருந்தது.

"எவ்ளோடி?"

"எல்லாம் நல்லா இருக்குக்கா."

"பொய் சொல்லாத. இது இன்னா ஆடிட்டா?"

இசக்கி சிரிக்கவில்லை. "பேசாதீக, இன்னொருவாட்டி பாக்கணும்" என்று மறுபடியும் அவள் நாக்குக்கு அடியில் வைத்தாள். தெர்மாமீட்டர் அக்கா வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்து நான் பார்த்தது அப்போதுதான். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.