நீந்தத் தெரிந்த மாப்பிள்ளை

பூட்டுக்கு மேலே ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. அருள்நாயகம் அதை மூன்று தரம் வாசித்தார். மூன்று தரமும் ஒரே விஷயம்தான்: நகரசபை ஊழியரின் வேலைநிறுத்தம் முடியும்வரை நீச்சல் குளம் திறக்கப்படாது. பக்கத்துப் பூங்காவில் மலைபோல் குவித்திருந்த குப்பையின் நாற்றம், அந்தச் செய்தி உண்மைதான் என்று சாட்சி சொன்னது.

நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனுசன் நீச்சல் பழக முடிவெடுக்கிறார். பார்த்து அந்தக் கோடையில்தானா ரொறன்ரோ முழுக்கக் குளங்களை இழுத்து மூடவேண்டும்? ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்பதே நாள் இருந்தது. அன்றைக்கு மாமனாரை ஏரிக்குக் கூட்டிப்போய், அவர் கண்ணுக்கு முன்னால் நீந்தவேண்டும். அருள்நாயகத்துக்கோ நீந்தத் தெரியாது.

வினை தொடங்கியது பதினாறு வருசத்துக்கு முந்தி. கலியாணம் பேசியவர் தியாகலிங்கம் அண்ணை. பெண் வேரோனிக்கா, யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடற்கரை. அவளுடைய தகப்பன் அமிர்தநாதர் கொழும்புக்கு வந்து தியாகலிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்து, சம்பளம் எவ்வளவு, வீடு இருக்கா என்று எதையும் விசாரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“பொடியனுக்கு நீந்தத் தெரியுமோ?”

கடற்கரைச் சனம் நீந்தத் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்குமா? தியாகலிங்கம் யோசிக்கவே இல்லை. “மீன்தான், அண்ணை. ஏரியை விட்டு ஏறமாட்டான்.”

 அமிர்தநாதர் “அப்பிடியோ” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். ஒரு கிழமை கழித்து, பிள்ளைக்குப் படம் பிடித்துவிட்டது என்று சம்மதம் வந்தது.

அருள்நாயகம் உரும்பிராய்ச் செம்மண்காரர். அங்கே தண்ணீர் என்றால் கிணறு, கிணறு என்றால் வாளி. முழங்காலுக்கு மேலே அவர் தண்ணீரைக் கண்டது, வெள்ளம் வந்த ஒரு மார்கழியில் மட்டும்தான்.

சொன்ன பொய்யைக் காப்பாற்றவேண்டாமா? கோடை வந்தால் ஞாயிறு தவறாமல் துவாயை எடுத்துக்கொண்டு ஏரிக்கென்று புறப்படுவார். புறப்பட்டு நேரே கோப்பிக்கடைக்குப் போவார். ஒரு மணித்தியாலம் பேப்பர் வாசிப்பார். கடைசியில் கழுவுமிடத்துக் குழாயில் தலையையும் துவாயையும் நனைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். பின்னேரம் ஊரிலிருந்து கதைக்கும்போது மாமனாரின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

“மருமகன் இண்டைக்கும் தண்ணியில இறங்கினவரோ?”

“ஓம் அப்பா, இப்பதான் வந்தவர்,” என்பாள் வேரோனிக்கா.

வாராவாரம் சோதனை வைக்கிறாரே மனுசன் என்று அருள்நாயகம் புழுங்குவார்.

வேரோனிக்காவுக்கு இரண்டு அண்ணன்மார் இருந்தார்கள். பாசையூரில் அவர்களைப்போல நீந்த ஆளில்லை. அவளுடைய கலியாணத்துக்கு முந்தியே ஒருவர் கடல்தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. மற்றவர் இயக்கத்துப் படகில் போய்த் திரும்பவில்லை. இந்த வருசம் மே மாதம் ஊரில் சண்டை எல்லாம் முடிந்து, ஸ்காபரோத் தமிழர் துக்கத்தில் ஆளை ஆள் பார்த்தும் கதைக்காமல் திரிந்த நாட்களில், அமிர்தநாதருக்கு விசா கிடைத்தது. ஜூன் கடைசியில் வந்து இறங்கினார். விமான நிலையத்திலேயே மருமகனின் தோளைப் பிடித்துப் பார்த்தார்.

“இப்பவும் ஏரிக்குப் போறனியளோ, தம்பி?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. ஆனால் நாக்கு சும்மா கிடந்தால்தானே. “கிழமைக்கு மூண்டு தரம், மாமா.”

கிழவர் தோளை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

வீட்டில் அவர் அதிகம் கதைக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பேத்தி கிறிஸ்ரினாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிக் கோயிலுக்குப் போய், அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவார். காணாமற்போனதைத் தேடித் தருகிறவர் அந்தோனியார். மகன்மாருக்காக்கும் என்று அருள்நாயகம் நினைத்தார். கேட்கிற விஷயமா அது?

மூன்றாம் கிழமை சாப்பாட்டு மேசையில் அந்தக் குண்டு விழுந்தது.

“தம்பி, நீங்கள் நீந்திற இடத்தை நான் ஒருக்காப் பாக்கவேணும்.”

குளம் பூட்டிக் கிடக்கவே, அருள்நாயகம் வெக்ஸ்போர்ட்டில் தியாகலிங்கம் இருந்த மாடிக் கட்டடத்துக்குக் காரை விட்டார். “அண்ணை, நீங்கள் சொன்ன பொய். நீங்கள்தான் எனக்கு நீச்சல் பழக்கவேணும்.”

“எனக்கெங்க தெரியும்?” என்றார் தியாகலிங்கம். “ஆனால் எங்கட பில்டிங்கில பூல் இருக்கு. நாளைக்குக் காலமை பத்து மணிக்கு வாரும்.”

காலை பத்து மணிக்கு அந்தக் குளத்தில் மூட்டுவலிக்காரருக்கான தண்ணீர்ப் பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுக்கிறவள் அருள்நாயகத்தையும் வரிசையில் நிறுத்திக் கையில் ஒரு நீளமான, மிதக்கிற ரெஜிபோம் தடியைக் கொடுத்தாள். பதினொரு முதிய பெண்மணிகளுக்கு நடுவில் அவர் ஒரு கிழமை கால் உதறினார். முழங்கால் வலி போனது. நீச்சல் வரவில்லை. முதுகுக்குக் கீழே தடியை வைத்துக்கொண்டு மல்லாந்து கிடக்க மட்டும் பழகினார்.

அதைத் தியாகலிங்கம் படம் எடுத்தார். எடுத்ததோடு விட்டாரா? பெரிதாக அச்சடித்து, மில்லிக்கனில் அருள்நாயகத்தின் வீட்டுக்கே கொண்டுவந்து அமிர்தநாதரின் கையிலேயே கொடுத்தார்.

“படத்தைக் கண்டால் மனுசன் திருப்திப்படும்,” என்று அருள்நாயகத்தின் காதுக்குள் சொன்னார். “ஏரிப் பயணம் கான்சல்.”

படத்தில் தடி தெரியவில்லை. அமிர்தநாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“கையையும் விட்டிட்டுக் கிடக்கிறார். அதில ஆழமோ?”

“பன்ரெண்டு அடி, அண்ணை,” என்றார் தியாகலிங்கம் பெருமையாக. உண்மையில் நாலடி.

“ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போறம்,” என்றார் கிழவர். “நான் பக்கத்தில நிக்கவேணும்.”

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை ஏரியின் குளிர். ஞாயிறு காலை வானொலியில் தண்ணீர் பதினொரு பாகை என்றதும் அருள்நாயகத்துக்கு உயிர் வந்தது.

“மாமா, ஐஸ் தண்ணி. கால் வைக்க ஏலாதாம். வேற நாள் பாப்பம்.”

“அப்ப விடுவம்,” என்று கிழவர் உடனே சொன்னார்.

வேரோனிக்கா அடுப்படியிலிருந்து இடியப்பத்தோடு வந்தாள். “இவருக்குக் குளிர் என்ன செய்யும் அப்பா? மே மாதமே இறங்கிறவர்.”

“மே மாதமேயோ?” கிழவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். “வெளிக்கிடுங்கோ. இண்டைக்கே பாக்கவேணும்.”

பெண்சாதி வாயைத் திறந்து ஒரு மனுசனுக்கு இவ்வளவு கெடுதல் செய்ய முடியுமா என்று அருள்நாயகம் வியந்தார்.

புளபர்ஸ் ஏரிக்கரையில் தியாகலிங்கம் முன்கூட்டியே வந்து கோழி வாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கறுப்பு றப்பர் உடுப்பு ஒன்று கிடந்தது. “இதைப் போட்டால் குளிராது. றப்பர் தன்பாட்டில மிதக்கும். நீர் சும்மா மல்லாந்து கிடந்தாக் காணும்.”

உடுப்பு இரண்டு அளவு சின்னது. முதுகுப் பக்கம் வரவேண்டிய சிப்பை நெஞ்சுப் பக்கம் போட்டு, இரண்டு பேர் இழுத்து மூடினார்கள். அருள்நாயகத்தால் மூச்சு விடத்தான் முடிந்தது, குனிய முடியவில்லை. அப்படியே விறைத்த நடையில் தண்ணீருக்குள் இறங்கினார். அமிர்தநாதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார். அவருடைய கண் மருமகனை விட்டு அசையவில்லை.

முழங்கால் போனது. தொடை போனது. இடுப்பளவில் ஏரி ஓர் அலையை எழுப்பிக் கழுத்துப் பக்கமாக உடுப்புக்குள் ஒரு வாளி குளிரை ஊற்றியது. அடுத்த அலை காலை வாரியது. றப்பர் மிதந்ததென்னவோ உண்மைதான். கால்மாடு மேலேயும் தலைமாடு கீழேயுமாக மிதந்தது.

எழுபத்துநாலு வயது மனுசன் அந்தப் பாய்ச்சல் பாய்ந்ததைக் கண்டவர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள். மருமகனைச் சிப்புக் கயிற்றில் பிடித்து இழுத்து வந்து மணலில் போட்டார். பிடித்த கயிற்றை விடவில்லை. 

விடாத அந்தக் கையைக் கண்டதும் அருள்நாயகத்தால் அதற்கு மேல் முடியவில்லை. இந்த மனுசனைப் போய் ஏமாற்றினேனே என்று கிடந்தபடியே கையைக் கூப்பினார்.

“மாமா, என்னை மன்னிக்கவேணும். எனக்கு நீந்தத் தெரியாது. அண்டைக்கும் தெரியாது, இண்டைக்கும் தெரியாது.”

தியாகலிங்கத்துக்குத் திடீரென்று கோழியில் அக்கறை வந்தது.

வேரோனிக்கா துவாயை நீட்டினாள். “எனக்குத் தெரியும். ஏரித் தண்ணி கோப்பி மணக்குமோ?”

“தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு காலமும் சொல்லாமல் இருந்தனீர்?”

“அப்பா கிழமைக்குக் கிழமை ஆசையாக் கேக்கிறார். அந்த மனுசனுக்கு இருக்கிற ஒரு சந்தோசத்தையும் ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டன். நீங்களும் இண்டைக்கு முழங்காலளவு தண்ணியோட திரும்பிவருவியள் எண்டெல்லோ நினைச்சன்.”

அமிர்தநாதர் மருமகனையே பார்த்தார்.

“ஒரு சொட்டும் தெரியாதோ?”

“ஒரு சொட்டும் தெரியாது, மாமா.”

“இனிமேல் பழகிற எண்ணம்?”

“சத்தியமா இல்லை.”

கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். அப்படியே ஈரமணலில் குந்தி, துவாயை வாங்கி முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அருள்நாயகம் தலையைக் குனிந்தார். பதினாறு வருச மரியாதை இன்றோடு போயிற்று என்று நினைத்தார்.

ஐஸ்கிறீமோடு ஓடிவந்த கிறிஸ்ரினா கிழவருக்குப் பக்கத்தில் இருந்து, துவாயை மெல்ல விலக்கினாள்.

“டோன்ட் க்ரை, அம்மப்பா. மாமாக்கள் மாதிரி அப்பாவும் தண்ணியில போயிடக் கூடாது, அவருக்கு நீச்சல் மறந்துபோகவேணும் எண்டு நாங்கள் கொளுத்தின மெழுகுதிரியெல்லாம் வேர்க் பண்ணிட்டுது.”